சாயங்கால வகுப்பால் யாருக்குப் பலன்?

டீ ஆறுவதற்குள் முடிகிற பேச்சில்லை இது. விடையை முதலிலேயே சொல்லிவிட்டு ஆரம்பிக்கலாம். பள்ளி விட்டபின் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவச வகுப்பு வைத்தால் படிப்பு ஏறுமா? ஏறும். யார் வந்து உட்காருகிறார்கள், என்ன சொல்லித்தருகிறார்கள் என்ற இரண்டும் சரியாக இருந்தால்.

உத்தரப் பிரதேசத்தின் ஜவுன்பூர் மாவட்டத்தில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு ஊர் இளைஞர்களுக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்து, பள்ளிக்கு வெளியே வாசிப்பு வகுப்பு நடத்தச் சொன்னது. பொருளாதார ஆய்வாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழு அதன் பலனை அளந்து பார்த்தது. எழுத்தே தெரியாமல் வந்த பிள்ளைகள் எழுத்துகளை வாசிக்கத் தேறினார்கள். ஆனால் வந்ததே ஊரில் 8 சதவீதப் பிள்ளைகள்தான். வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் எட்டியே பார்க்கவில்லை. மருந்து வேலை செய்தது; நோயாளி வரவில்லை.

இந்த இடத்தில்தான் நம்முடைய ‘இல்லம் தேடிக் கல்வி’யைக் கவனிக்க வேண்டும். கொரோனாவால் ஒன்றரை வருடத்துக்கு மேல் பள்ளிகள் பூட்டிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய திட்டம். தொடங்கியபோது ஒன்று முதல் எட்டு வரை படித்த பிள்ளைகளுக்கு, மாலை 5 மணிக்கும் 7 மணிக்கும் நடுவே ஒன்று அல்லது ஒன்றரை மணி நேரம். திண்ணை, மொட்டை மாடி, கோயில் மண்டபம் என்று கிடைத்த இடத்தில் வகுப்பு நடந்தது. தன்னார்வலருக்கு அப்போது மாதம் 1,000 ரூபாய். பெரும்பாலும் அதே தெருப் பெண், பிள்ளைகளுக்கு ‘அக்கா’. பிள்ளை வரவில்லையென்றால் அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்பார். பஸ் கிடையாது, கட்டணம் கிடையாது, இருட்டுகிறதே என்ற பயமும் கிடையாது. சம்பளம் என்று சொல்லவே கூச்சமான தொகைக்கு இவ்வளவு வேலை வாங்கியதில் எனக்கு வருத்தம் உண்டு, அது தனிக் கதை.

பலன்? ஆய்வாளர்கள் அபிஜீத் சிங், மவுரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 சிறு பிள்ளைகளைச் சோதித்தார்கள். 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், 2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கிலும் தமிழிலும் வெகுவாகப் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அப்படி மீண்டதில் ஏறக்குறைய 24 சதவீதம் இந்த மாலை வகுப்பின் கணக்கில் சேர்கிறது என்பது அவர்கள் மதிப்பீடு. அதிகம் படிக்காத அம்மாக்களின் பிள்ளைகள்தான் அதிகம் இழந்திருந்தார்கள். வேகமாக மீண்டதும் அவர்களே. மீதியில் பெரும்பங்கு பள்ளிக்கூடம் திறந்ததால் வந்தது என்பதையும் மறக்கக்கூடாது.

வந்து உட்கார்ந்தால் மட்டும் போதுமா? டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மாலை மையங்களுக்கு வந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்னால் இருந்தார்கள். கடன் வாங்கிக் கழிக்கத் தெரியாத பையனுக்கு அன்றைய வீட்டுப்பாடத்தை முடித்துக் கொடுத்து என்ன பயன்? அங்கே ஒவ்வொரு பிள்ளையும் எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே கணினி பாடம் ஆரம்பித்தது. கூடவே சிறு குழு வகுப்பும் நடந்தது. நாலரை மாதத்தில் அவர்களுடைய கணக்கு முன்னேற்றம் மற்றப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல்.

அமெரிக்காவில் கோடிகளைக் கொட்டிய பள்ளிக்குப் பிந்தைய மையங்களை ஆராய்ந்தபோது தெரிந்தது இதுதான்: பிள்ளைகள் அங்கே பாதுகாப்பாக உணர்ந்தார்கள், ஆனால் மதிப்பெண் நகரவில்லை. பாதுகாப்பும் சின்ன விஷயமில்லை. அதற்காக அதைப் படிப்பு என்று கணக்கு எழுதக்கூடாது.

உங்கள் தெருவில் இப்படி ஒரு மையம் இருந்தால், அங்கே எத்தனை நாற்காலி என்று கேட்காதீர்கள். வாசிக்கத் திணறுகிற பிள்ளைகள் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்கள் என்று கேளுங்கள். வராத பிள்ளையின் வீடு தெரிந்தால், அந்த அக்காவிடம் சொல்லுங்கள்.