மருத்துவமனையில் வழங்கும் ஆங்கிலச் சொற்கள்: கேட்பதும் பொருள்கொள்வதும்

சில ஆண்டுகளுக்கு முன், கடுமையான நுரையீரல் அழற்சியுற்ற முதியவர் ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் வென்டிலேட்டரின் துணையோடு இருந்தார். மாலையில் நிலைமையை விசாரித்த மகனிடம், “அப்பா ஸ்டேபிளாக இருக்கிறார்” என்று எங்களுள் ஒருவர் கூறினார். ஆபத்து நீங்கிவிட்டது என எண்ணிய மகன் அன்றிரவே பேருந்தேறி ஊர் திரும்பினார். விடியற்காலையில் முதியவரின் இரத்த அழுத்தம் சரிந்தது. மகன் வந்து சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. “நன்றாக இருக்கிறார் என்றுதானே சொன்னீர்கள்?” என்று அவர் கேட்டார். நாங்கள் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் அவர் செவியில் விழுந்த சொல்லுக்கு அவர் அறிந்திருந்த பொருள் அதுவே. பிழை அவருடையது அன்று, எங்களுடையது.

அன்றாட ஆங்கிலத்தில் ஒரு பொருளும் மருத்துவத்தில் வேறொரு பொருளும் தரும் சொற்கள் பல உள்ளன. அவற்றுள் அடிக்கடி குழப்பம் விளைவிப்பனவற்றை இங்கே விளக்குகிறோம்.

நிலைமையைக் கூறும் சொற்கள்

“ஸ்டேபிள்” என்றால், கடந்த சில மணி நேரத்தில் நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், சுவாசம் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லை என்பதே பொருள். நோயாளி தேறிவிட்டார் என்று அது கூறாது. வென்டிலேட்டரிலும் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மருந்துகளிலும் இருப்பவரையும் நாங்கள் ஸ்டேபிள் என்போம். ஆகவே, “எந்தெந்தக் கருவிகளின், மருந்துகளின் துணையோடு இந்த நிலை?” என்று கேளுங்கள். அந்த விடையே உண்மை நிலையை உணர்த்தும்.

“புரோக்னோசிஸ் கார்டட்” என்பதைப் பாதுகாப்பாக உள்ளார் எனச் சிலர் கொள்கின்றனர். நோயின் போக்கை உறுதியாகச் சொல்ல இயலவில்லை, கவலைக்கு இடமுண்டு என்பதே அதன் பொருள். அவ்வாறே “புரோகிரசிவ்” என்னும் சொல் முன்னேற்றம்போல் ஒலிக்கிறது. உண்மையில் முன்னேறுவது நோய், நோயாளியின் நலம் அன்று.

பரிசோதனை அறிக்கைகளில்

“பாசிட்டிவ்” என்றால், தேடிய பொருள் இருக்கிறது என்று பொருள். “நெகட்டிவ்” என்றால் அது காணப்படவில்லை. நன்மையா தீமையா என்பது எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது. கொரோனாக் காலத்திற்குப் பின் பாசிட்டிவ் என்றாலே அஞ்சும் வழக்கம் வந்துவிட்டது. மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்மணி ஒருவரின் அறிக்கையில் “ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர் பாசிட்டிவ்” என்றிருந்ததைப் படித்து அவருடைய மகள் கண்ணீர் விட்டார். ஹார்மோன் தடுப்பு மாத்திரைகள் அவருக்குப் பயன்தரக்கூடும் என்பதே அவ்வரியின் செய்தி. அறுவைக்குப் பின் “மார்ஜின் நெகட்டிவ்” என வந்தால், அகற்றிய பகுதியின் ஓரங்களில் புற்றணுக்கள் இல்லை என்று பொருள். அது நற்செய்தி.

“அன்ரிமார்க்கபிள்” என்பதும் “என்.ஏ.டி.” என்பதும் குறைகூறும் சொற்கள் அல்ல. குறிப்பிடத்தக்க கோளாறு எதுவும் தென்படவில்லை என்பதே இரண்டிற்கும் பொருள்.

ஸ்கேன் சீட்டில் “ரூல் அவுட்” என்று எழுதி அருகில் ஒரு கொடிய நோயின் பெயர் இருக்கக்கூடும். அந்நோய் இருப்பதாக முடிவு செய்துவிட்டோம் என்று பொருளன்று. அஃது இல்லையென உறுதி செய்துகொள்வதற்காகவே அப்பரிசோதனை. அந்தச் சீட்டைப் படித்துவிட்டு உறக்கமின்றி இரவைக் கழித்தோரை நாங்கள் அறிவோம்.

நோயும் சிகிச்சையும்

“ஹார்ட் ஃபெயிலியர்” என்றதும் இதயம் நின்றுவிடப் போகிறது எனக் குடும்பமே கலங்கிவிடுகிறது. இதயம் உடலின் தேவைக்கேற்ப இரத்தத்தைச் செலுத்த இயலாமல் தளர்ந்துள்ளது என்பதே பொருள். இது கடுமையான நோய்தான். எனினும், மருந்துகளைத் தவறாது உட்கொண்டு, உப்பைக் குறைத்து, அன்றாடம் எடை பார்த்துப் பல ஆண்டுகள் வாழ்வோர் உண்டு. இதயம் திடீரென நின்றுபோவதைக் “கார்டியாக் அரெஸ்ட்” என்போம். இதயத் தசைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவது “ஹார்ட் அட்டாக்”. இம்மூன்றும் வெவ்வேறு.

“கன்சர்வேட்டிவ் சிகிச்சை” என்பது பழைமையான சிகிச்சையோ கைவிடுதலோ அன்று. அறுவை செய்யாமல், மருந்தும் ஓய்வும் கண்காணிப்பும் கொண்டு குணப்படுத்த முயல்வது.

மருந்துச் சீட்டின் எழுத்துகள்

இவற்றுட் பெரும்பாலானவை இலத்தீன் தொடர்களின் சுருக்கங்கள். “ஓ.டி.” நாளுக்கு ஒரு முறை, “பி.டி.” இரு முறை, “டி.டி.எஸ்.” மூன்று முறை, “எச்.எஸ்.” உறங்கச் செல்லும்போது. கண் மருத்துவச் சீட்டில் மட்டும் “ஓ.டி.” வலக்கண்ணைக் குறிக்கலாம். “எஸ்.ஓ.எஸ்.” என்பதை அபாயக் குரலாகக் கருதி, வலியால் துடித்தும் மாத்திரையைத் தொடாதோர் உண்டு. தேவைப்பட்டால் மட்டும் என்பதே அதன் பொருள். எத்தனை மணி இடைவெளியில், நாளுக்கு அதிக அளவாக எத்தனை என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை அழுத்திக் கூற விரும்புகிறோம். முடக்குவாதத்திற்கும் சொரியாசிஸுக்கும் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரை வாரம் ஒருமுறைக்கு உரியது. “வீக்லி” என்னும் சொல்லைக் கவனியாது நாள்தோறும் உட்கொண்டால், வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை பாதிப்புற்று உயிருக்கே ஆபத்து நேரலாம். எந்தக் கிழமை என்பதைச் சீட்டிலேயே தமிழில் எழுதித் தருமாறு கேளுங்கள்.

எங்களுக்கும் விளங்காதவை

குழப்பம் ஒருபக்கம் மட்டும் நிகழ்வதன்று. “மயக்கமாக வருகிறது” என்று நீங்கள் கூறும்போது, தலை சுற்றுகிறதா, கண் இருண்டு நினைவு தப்புகிறதா, தூக்கக் கலக்கமா என்பது எங்களுக்கு விளங்குவதில்லை. மூன்றுக்கும் காரணங்கள் வேறு. “வாயுப் பிடிப்பு” என்று கூறி வந்தோருள் மாரடைப்பு இருந்தோர் உண்டு. நோயின் பெயரைச் சொல்வதைவிட, உடலில் எங்கே, எப்பொழுது, என்ன உணர்கிறீர்கள் என்பதைச் சொல்லுங்கள்.

செய்யவேண்டியது

“புரிகிறதா?” என்று நாங்கள் கேட்கும்போது மரியாதை கருதித் தலையசைத்துவிடாதீர்கள். கேட்டதை உங்கள் சொந்தத் தமிழில் எங்களிடம் திருப்பிச் சொல்லுங்கள். தவறிருந்தால் அங்கேயே திருத்திவிடலாம். குடும்பத்தில் ஒருவர் ஒரு குறிப்பேட்டில் அன்றன்று கேட்ட சொற்களை எழுதிவைத்து, மறுநாள் நாங்கள் வரும்போது பொருள் கேட்கலாம். தொலைவிலிருந்து வந்துள்ளவர்கள், “இன்றிரவு நான் ஊருக்குச் செல்லலாமா?” என்று வெளிப்படையாகவே கேட்டுவிடுங்கள். அம்மகன் அன்று அவ்வாறு கேட்டிருந்தால், “இங்கேயே இருங்கள்” என்றுதான் கூறியிருப்போம். அவர் கேளாமலே அதனை நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். இன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ளவர்களின் உறவினர்களிடம் அதனை நாங்களே முன்வந்து சொல்கிறோம். யாரேனும் மறந்தால், தயங்காது கேளுங்கள்.