இந்திய, அமெரிக்க அரசியலமைப்புகள்: ஓர் ஒப்பீடு

இந்தியாவும் ஐக்கிய அமெரிக்காவும் எழுதப்பட்ட அரசியலமைப்பைக் கொண்ட மக்களாட்சிக் குடியரசுகள். இரண்டிலும் சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை என அரசுக்கு மூன்று பிரிவுகள் உள்ளன. இரு நாட்டுத் தலைவர்களும் ஆங்கிலத்தில் ‘பிரசிடென்ட்’ என்றே அழைக்கப்படுகின்றனர். இந்தப் பெயர் ஒற்றுமை மாணவர்களைக் குழப்புவது வழக்கம். இருவரின் அதிகாரங்களும் முற்றிலும் வேறானவை.

அமெரிக்க அரசியலமைப்பு 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்டு 1789இல் நடைமுறைக்கு வந்தது. ஏழு உறுப்புகள் மட்டுமே கொண்ட அது ஒரே அமர்வில் படித்து முடிக்கக்கூடியது. இந்திய அரசியலமைப்பு 1949 நவம்பர் 26 அன்று ஏற்கப்பட்டு, 1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. தொடக்கத்திலேயே அதில் 395 உறுப்புகளும் 8 அட்டவணைகளும் இருந்தன.

ஆட்சித் தலைவரும் சட்டமன்றமும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நாட்டின் தலைவராகவும் அரசின் தலைவராகவும் ஒருங்கே விளங்குகிறார். 538 பேர் கொண்ட தேர்வாளர் குழுவில் குறைந்தது 270 வாக்குகள் பெறுபவர் நான்கு ஆண்டுகளுக்குப் பதவி வகிப்பார். நாடு முழுவதும் குறைவான மக்கள் வாக்குகளைப் பெற்றவரே 2000, 2016 தேர்தல்களில் வென்றார். அவருடைய அமைச்சர்கள் காங்கிரசு அவைகளில் உறுப்பினராக இருக்க முடியாது. இந்தியாவில் நிலைமை நேர்மாறானது: அமைச்சராகப் பதவியேற்பவர் ஆறு மாதங்களுக்குள் நாடாளுமன்ற உறுப்பினராகிவிட வேண்டும். இங்கு உண்மையான அதிகாரம் பிரதமர் தலைமையிலான அமைச்சரவையிடம் உள்ளது. அதன் அறிவுரைப்படியே குடியரசுத் தலைவர் செயல்பட வேண்டும் என்பதை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தம் வெளிப்படையாக்கியது. அறிவுரையை மறுபரிசீலனைக்காக ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையை 1978ஆம் ஆண்டின் 44ஆவது திருத்தம் அவருக்கு அளித்தது.

ஆட்சித் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கும் முறையில் இரு அமைப்புகளின் வேறுபாடு தெளிவாகத் தெரியும். அமெரிக்காவில் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காகக் குடியரசுத் தலைவரை நீக்க முடியாது. தேசத்துரோகம், கையூட்டு அல்லது வேறு பெருங்குற்றம் சாட்டப்பட வேண்டும். பிரதிநிதிகள் அவை குற்றம் சாட்ட, செனட் அவை விசாரித்து மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் தீர்ப்பளிக்க வேண்டும். 1868இல் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு எதிராக 35 பேரும் ஆதரவாக 19 பேரும் வாக்களித்தனர். நீக்குவதற்கு 36 வாக்குகள் தேவை என்பதால் அவர் தப்பினார். இன்றுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் இம்முறையில் நீக்கப்பட்டதில்லை.

இந்தியாவில் குற்றம் எதுவும் தேவையில்லை; மக்களவையின் நம்பிக்கையை இழந்தாலே போதும். அ.இ.அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொண்டதைத் தொடர்ந்து 1999 ஏப்ரல் 17 அன்று வாச்பாயி அரசு நம்பிக்கை வாக்கெடுப்பைச் சந்தித்தது. ஆதரவு 269, எதிர்ப்பு 270. அரசு கவிழ்ந்தது, அதே ஆண்டு நடந்த பொதுத் தேர்தலில் அவரே மீண்டும் பிரதமரானார்.

இதை வைத்து இந்தியப் பிரதமர் பலவீனமானவர் என்று கருதுவது தவறு. தனிப்பெரும்பான்மை உள்ள பிரதமரை அவையால் கட்டுப்படுத்துவது கடினம். 1985இல் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணையின்படி, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி வாக்களிப்பவர் பதவியையே இழக்கக்கூடும். அமெரிக்காவில் அத்தகைய தடை இல்லை. 2020இல் செனட்டர் மிட் ரோம்னி தம் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவருக்கு எதிராகவே வாக்களித்தார். அவருடைய பதவிக்கு எதுவும் நேரவில்லை.

இரு கிளைகளும் முரண்பட்டால் அமெரிக்காவில் தேர்தல் வராது. அரசு அலுவலகங்கள் முடங்கும். 2018 திசம்பரில் தொடங்கிய நிதி முடக்கம் 35 நாட்கள் நீடித்தது. இந்தியாவில் நிதிநிலை அறிக்கையை நிறைவேற்ற முடியாத அரசு பதவி விலகுவதே நாடாளுமன்ற மரபு.

மாநிலங்கள்

செனட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் இரண்டு இடங்கள். ஏறத்தாழ 4 கோடி மக்கள் வாழும் கலிபோர்னியாவுக்கும், 6 இலட்சத்துக்கும் குறைவானோர் வாழும் வயோமிங்குக்கும் அதே இரண்டுதான். மாநிலங்களவையில் இடங்கள் பெரும்பாலும் மக்கள்தொகையைச் சார்ந்தவை: உத்தரப் பிரதேசத்துக்கு 31, தமிழ்நாட்டுக்கு 18.

அமெரிக்க மாநிலத்தின் எல்லையை அதன் சட்டமன்ற இசைவின்றி மாற்ற முடியாது. இந்திய நாடாளுமன்றம் மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்டால் போதும். அதை ஏற்க வேண்டியதில்லை. அமெரிக்க நடுவண் அரசிடம் இல்லாத மற்றோர் அதிகாரம் உறுப்பு 356. அதன்கீழ் தமிழ்நாட்டில் தி.மு.க. அரசு 1976, 1991 ஆகிய ஆண்டுகளில் கலைக்கப்பட்டது. 1994ஆம் ஆண்டின் எஸ். ஆர். பொம்மை தீர்ப்புக்குப் பின் இந்த அதிகாரம் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டது. அதன் பயன்பாடும் வெகுவாகக் குறைந்தது.

நீதிமன்றமும் திருத்தங்களும்

அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் செனட்டின் ஒப்புதலோடு வாழ்நாள் பதவிக்கு நியமிக்கிறார். இந்தியாவில் ஓய்வு வயது 65. நியமனத்தில் நீதிபதிகளின் கொலீஜியத்துக்கே முதன்மை. இதை மாற்ற நாடாளுமன்றம் கொண்டுவந்த 99ஆவது திருத்தத்தை உச்ச நீதிமன்றம் 2015இல் செல்லாததாக்கியது.

நாடாளுமன்றமே நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தத்தை நீதிமன்றம் தள்ளுபடி செய்ய முடிவது, கேசவானந்த பாரதி வழக்கில் 1973இல் வந்த தீர்ப்பினால்தான். அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை எந்தத் திருத்தமும் குலைக்கக் கூடாது என்று 13 நீதிபதிகளில் 7 பேர் கூறினர். அமெரிக்காவில் இத்தகைய கோட்பாடு இல்லை. அங்கு காப்பாக இருப்பது திருத்துவதில் உள்ள கடினமே: இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் 50 மாநிலங்களில் 38இன் ஒப்புதலும் வேண்டும். 2023 வரை இந்தியா 106 திருத்தங்களைச் செய்துள்ளது. அமெரிக்கா இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் 27 மட்டுமே. அவற்றில் கடைசியானது 1789இல் முன்மொழியப்பட்டு 1992இல் நிறைவேறியது.