உடைமைக் காவலும் சட்டத்தின் எல்லையும்

சங்கப் பொதுக்கூட்டங்களில் வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிந்தபின் அங்கத்தினர்கள் எழுப்பும் கேள்விகளுள் ஒன்று, ஆண்டுதோறும் ஏதேனும் ஓர் ஊரில் வந்தே தீருகின்றது. கிடங்கில் நூல் திருடுபவனையும், தோப்பில் இரவோடிரவாகத் தேங்காய் பறிப்பவனையும், கடலைக்காட்டில் புகும் பன்றியையும் தடுப்பதற்கு நாம் எந்த அளவுக்குப் போகலாம் என்பதே அது. "என் பொருளைக் காக்க எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்பவர்களும் உண்டு. உரிமை இருக்கின்றது. ஆனால் அவ்வுரிமை எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்பதை அறிந்தோர் சிலரே. அறியாமைக்குக் கொடுக்கும் விலை ஓர் உயிராகவும், ஒரு குடும்பத்தின் சீரழிவாகவும் முடிவதால் இங்குச் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கின்றது.

1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 96 முதல் 106 வரையுள்ள பிரிவுகளில் தற்காப்பு உரிமையை வகுத்திருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அதில் இவை 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளாக அமைந்திருக்கின்றன. எண்கள் மாறினவேயன்றிப் பொருள் பெரிதும் மாறவில்லை. தன் உடலையும் பிறர் உடலையும் மட்டுமன்றி, தன் சொத்தையும் பிறர் சொத்தையும் திருட்டு, கொள்ளை, சேதம், அத்துமீறல் ஆகியவற்றினின்று காக்க ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு. ஆகவே சங்கக் கிடங்கின் காவலாளி சங்கத்துக்காக இவ்வுரிமையைச் செலுத்தலாம். பக்கத்து நிலத்துக்காரருக்காக நாமும் செலுத்தலாம்.

இனி, சொத்தைக் காக்கும்போது எதிராளியின் மரணம் நேர்ந்தாலும் சட்டம் மன்னிக்கும் சந்தர்ப்பங்களை 41-ஆம் பிரிவு கூறுகின்றது. அவை நான்கே. வன்முறையோடு கூடிய கொள்ளை ஒன்று. சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் இடையே கதவை உடைத்தோ, சுவரேறியோ, கன்னமிட்டோ கட்டடத்துள் நுழைவது மற்றொன்று. மக்கள் குடியிருக்கும் அல்லது பொருள் வைத்திருக்கும் கட்டடம், கூடாரம், கலம் ஆகியவற்றுக்குத் தீ அல்லது வெடிபொருளால் சேதம் விளைப்பது மூன்றாவது. கடைசியாக, தடுக்காவிட்டால் உயிர்ச்சேதமோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமாகவே அஞ்சத்தக்க நிலையில் நடக்கும் திருட்டு, சேதம், வீட்டு அத்துமீறல் ஆகியவை. இவை தவிர்ந்த திருட்டுக்கும் சேதத்துக்கும் அத்துமீறலுக்கும் 42-ஆம் பிரிவின்படி மரணம் நீங்கலான தீங்கையே விளைக்கலாம்.

இந்த நான்கையும் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். சட்டம் பொருளின் விலையைப் பார்த்து இவற்றை அமைக்கவில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்ப் பட்டுச்சேலையைப் பகலில் தூக்கிக்கொண்டு ஓடுபவனைக் கொல்ல உரிமையில்லை. வெறும் நூல் கழிவுக்காகவே ஆயினும் நள்ளிரவில் வீட்டுக் கதவை உடைப்பவன் விஷயம் வேறு. இருளில், உறங்கும் குழந்தைகளுக்கு நடுவே வந்து நிற்பவன் நூலுக்கு வந்தானா, உயிருக்கு வந்தானா என்று எவரால் சொல்ல முடியும்? அந்த அச்சத்துக்கே சட்டம் இடங்கொடுக்கின்றது. கிடங்குக்குத் தீ வைப்பவனைப் பற்றிய விதி ஆளில்லாத கட்டடத்துக்கும் பொருந்துகின்றது. ஆயினும் களத்துமேட்டு வைக்கோற்போர் கட்டடமாகாது என்பதை விவசாயிகள் கவனிக்க வேண்டும். அவ்வாறே திறந்த தோப்பும் வயலும் வீடு ஆகா. அங்கே இரவில் காய் பறிப்பவன் நம்மைத் தாக்க வராதவரை அவன் வெறும் திருடனே.

எல்லைகள் வேறு சிலவும் உள. 37-ஆம் பிரிவின்படி, போலீஸ் உதவியை நாட நேரமிருக்குமாயின் இவ்வுரிமை இல்லை. காப்புக்குத் தேவையானதற்கு மேல் தீங்கு விளைக்கவும் கூடாது. திருடன் பொருளோடு தப்பி மறைந்துவிட்டாலும், பொருள் மீட்கப்பட்டுவிட்டாலும் உரிமை அத்துடன் தீர்ந்தது. பிடிபட்டவனை மரத்தில் கட்டி ஊரார் கூடி அடிப்பதற்குத் தற்காப்பு என்ற பெயர் பொருந்தாது. அது குற்றம், அவன் இறந்தால் கொலை. கண்ணெதிரே திருடுபவனைப் பிடித்து வைக்கப் பொதுமக்களுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் ஆறு மணி நேரத்துக்குள் அவனைப் போலீஸாரிடம் ஒப்புவித்துவிட வேண்டும்.

இதனால் சட்டம் நம்மைக் கோழைகளாயிருக்கச் சொல்வதாகக் கொள்ளலாகாது. ஆபத்து நேர்ந்த கணத்தில் ஒருவன் பொன் தராசில் நிறுப்பதுபோல் தன் அடியை அளந்துகொண்டிருக்க முடியாது என்பதை நம் நீதிமன்றங்கள் பலமுறை ஒப்புக்கொண்டிருக்கின்றன. நல்லெண்ணத்தோடு, முன்யோசனையின்றி, உரிமையின் எல்லையைச் சிறிது மீறியவனுக்குக் கொலைக்குற்றம் கொலையாகாத மரணமாகக் குறைகின்றது. குறைகின்றதேயன்றி மறைவதில்லை.

இதுவரை கூறியது எதிரே நின்று தடுப்பவரைப் பற்றியது. நம் ஊர்களில் இன்று பேராபத்தாக இருப்பதோ, ஆளில்லாமலே கொல்லும் மின்கம்பி. பம்பு செட்டிலிருந்து ஒரு கம்பியை இழுத்து வரப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு வீட்டில் போய்ப் படுத்துக்கொள்கின்றனர். கம்பிக்குக் கண்ணில்லை. பன்றி, திருடன், விடியலில் மடை திறக்க வரும் கூலியாள், புல்லறுக்க வரும் பெண், கட்டியவரின் சொந்தப் பிள்ளை ஆகிய எல்லோரும் அதற்கு ஒன்றே. தற்காப்பு என்பது அந்தக் கணத்து ஆபத்தைக் கண்டு அதற்கேற்பச் செய்வதாகையால், பார்க்கவும் அளக்கவும் இயலாத ஒரு பொருளிடம் அவ்வுரிமையை ஒப்படைக்க முடியாது என்பதே எமது அபிப்பிராயம்.

உச்ச நீதிமன்றம் இதை 1963-லேயே தீர்த்து வைத்திருக்கின்றது. பீகாரில் ஒருவர் தம் கழிப்பறைக்குப் பிறர் வராதிருக்க, வழியில் மின்னோட்டமுள்ள வெறுங்கம்பியைக் கட்டினார். அதில் பட்டு ஒரு பெண் இறந்தார். அத்துமீறி வந்தவர் என்ற ஒரே காரணத்தால் ஒருவரை நேராகவோ, பொறி அமைத்து மறைமுகமாகவோ காயப்படுத்த உரிமையில்லை என்று நீதிமன்றம் கூறிற்று. அக்குற்றமாகிய அஜாக்கிரதையான செயலால் மரணம் விளைத்தலுக்கு அன்று இரண்டாண்டுச் சிறை உச்சவரம்பு. இன்றைய 106-ஆம் பிரிவில் அது ஐந்தாண்டு. இறப்பு நேரக்கூடும் என்று அறிந்தே கட்டினார் என ருசுவானால் வழக்கு இதனினும் கடுமையாகும்.

பிற நாட்டு விவசாயிகளும் இதே பாடத்தைக் கற்றிருக்கின்றனர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், ஆளில்லாத பண்ணைவீடு ஒன்றில் திருட்டுத் தொல்லை தாங்காமல், கதவைத் திறந்தால் வெடிக்குமாறு துப்பாக்கியைப் பொருத்தினர். பழைய கண்ணாடி ஜாடிகளை எடுக்கச் சென்றவனின் கால் சிதைந்தது. திருடியதற்காக அவன் 50 டாலர் அபராதம் கட்டினான். நிலத்துக்காரரோ அவனுக்கு 30,000 டாலர் நஷ்டஈடு தருமாறு 1971-ல் அம்மாநில உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்காக அக்குடும்பம் 80 ஏக்கரை இழக்க நேர்ந்தது.

தர்மத்தின் கணக்கும் இதற்கு வேறானதன்று. சாதாரணத் திருட்டுக்கு நீதிபதி அளிக்கக்கூடிய தண்டனை மூன்றாண்டுச் சிறை. விசாரணையுமின்றி அதே திருடனுக்கு மரணம் விதிக்க நமக்கு ஏது அதிகாரம்? எனினும் ஒரே பாவை நம்பி மூன்று மாதம் வாழும் நெசவாளிக்கும், ஓரிரவில் கடலை முழுவதையும் பன்றிக்குப் பறிகொடுப்பவருக்கும் இவ்வாதம் சோறு போடாது என்பதை யாம் அறியாமலில்லை. தனியொருவரால் தாங்க முடியாத நஷ்டத்தைப் பலர் சேர்ந்து தாங்குவதற்கே சங்கம் இருக்கின்றது. கிடங்குச் சரக்கைத் தீக்கும் திருட்டுக்கும் சேர்த்து இன்ஷூர் செய்வதும், முறைவைத்துக் காவலிருப்பதும், பயிர்ச் சேதத்துக்கு வனத்துறை அளிக்கும் நிவாரணத்துக்கு அங்கத்தினரின் மனுவைச் சங்கச் செயலாளரே எழுதிக் கொடுப்பதும் செய்யக்கூடியவையே. பரண்மேலிருந்து தட்டையும் குளிரும் ஒலித்து, கவண் எறிந்து தினைப்புனம் காத்தவர் நம் முன்னோர்.

வனவிலங்கு விஷயத்திலும் சட்டம் கடுமையானது. தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே 2023 மார்ச்சில் சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் மாண்டன. குட்டிகள் இரண்டு தவித்து நின்றன. அவ்வாண்டே மின்வேலிகளைப் பதிவு செய்து ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு பிறப்பித்தது. காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடுவதற்கு 2025 ஜனவரியில் அரசு அறிவித்த அனுமதியும் வனத்துறையினருக்கேயன்றி விவசாயிக்கு அன்று.

சூரியசக்தி வேலிக்கும் பம்பு செட்டுக் கம்பிக்கும் உள்ள வேற்றுமையையும் சொல்லிவிடுவோம். முறையான வேலியில் பல ஆயிரம் வோல்ட் இருப்பினும், சுமார் வினாடிக்கு ஒரு முறை, ஆயிரத்திலொரு பங்கு வினாடிக்கும் குறைவான துடிப்பாகவே அது வருகின்றது. தொட்டவர் அதிர்ந்து விலகிவிடுவார். வீட்டு மின்சாரம் 230 வோல்ட்தான் என்றாலும் இடைவிடாது பாய்வதால் தசை இறுகிக் கம்பியை விட முடியாமற் போகின்றது. ஆகவே வேலி அமைப்போர் தரமுத்திரையுள்ள கருவியையே வாங்கி, விதிப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். நேர்மின்சாரக் கம்பி கட்டியிருப்போர் முதலில் மெயின் சுவிட்சை நிறுத்தி, இன்றிரவுக்குள் அதைக் கழற்றிவிடுவார்களாக.