ஊசி போட்டாச்சு, காப்பு வந்ததா?

கோமாரிக்கு நாள் குறித்தாகிவிட்டது. 2019 செப்டம்பரில், ஐந்து ஆண்டுக்கு 13,343 கோடி ரூபாய் ஒதுக்கீட்டோடு தொடங்கிய தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம், 2025-க்குள் நோயை அடக்குவது, 2030-க்குள் ஒழிப்பது என்று இலக்கு வைத்தது. அன்று முதல் நம் கண்ணில் படுவதெல்லாம் கோடிகளில் ஊசிக் கணக்கு. பன்னிரண்டு இலக்கக் காது வில்லைக் கணக்கு. ஊசி போட்ட மாட்டின் ரத்தத்தில் எதிர்ப்புசக்தி எவ்வளவு ஏறியது என்ற கணக்குதான் அபூர்வமாகக் கண்ணில் படுகிறது. நோயைத் தடுப்பதோ அந்தக் கணக்கு மட்டும்தான்.

வெக்கை நோயை ஒழித்த நாடு இதையும் ஒழிக்காதா என்று கேட்கிறார்கள். இந்தியாவில் வெக்கை கடைசியாகத் தலைகாட்டியது 1995-ல். 2011-ல் உலகமே அதிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. பெருமைதான். ஆனால் அந்த வைரஸுக்கு எதிராக ஒரே தடுப்பூசி போதும். ஒருமுறை போட்டால் பல ஆண்டுக்குக் காப்பு நிற்கும். கோமாரி அப்படியா? நம் நாட்டில் ஓ, ஏ, ஏசியா-1 என்று மூன்று வகை சுற்றுகிறது. ஒன்றுக்கு வந்த காப்பு மற்றதைத் தடுக்காது. ஊசியின் பலமோ ஏறக்குறைய ஆறு மாதம். கொப்புளம் ஆறி, எச்சில் ஒழுகல் நின்று, தீவனம் தின்னத் தொடங்கிய மாட்டின் தொண்டையிலும் வைரஸ் மாதக்கணக்கில் தங்கியிருக்கலாம். இங்கே ஒரு சுற்றுப் பழுதானாலும் அடுத்த ஆறு மாதம் தொழுவம் திறந்த வீடுதான்.

பழுது எங்கே வருகிறது? கோமாரி ஊசி மருந்து பால்போல வெளுத்த எண்ணெய்க் கலவை. 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தாக வேண்டும். சூடேறினால் உள்ளிருக்கும் வைரஸ் துகள்கள் சிதையும். உறைந்தால் கலவை பிரிந்துவிடும். வெயிலில் கெட்ட மருந்தும் வெளிப்பார்வைக்கு அதே வெள்ளைதான். மின்வெட்டில் நின்ற ஃப்ரிட்ஜ், வண்டியின் பின்னால் வெயிலில் கட்டிய பெட்டி, பகல் முழுக்கத் தெருத் தெருவாகத் திறந்து மூடிய மூடி: எதுவும் பதிவேட்டில் ஏறாது. கழுத்தில் ஊசி இறங்கியதும் எண்ணிக்கையில் ஒன்று கூடும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மாட்டுக்கும் ரத்தம் எடுக்கப் பணத்துக்கு எங்கே போவது என்பது நியாயமான கேள்வி. எல்லா மாட்டுக்கும் எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஊருக்குச் சில மாடுகளில், ஊசி போட்ட நான்காவது வாரம் மாதிரி எடுத்து, முடிவை ஒன்றிய வாரியாக வெளியிட்டால் எந்த வழியில் மருந்து கெட்டது என்று தெரிந்துவிடும். மாதிரி எடுக்கும் வேலை இப்போதும் நடக்கிறது. முடிவு மாட்டுக்காரர் வரைக்கும் வருவதில்லை. சந்தைகளை மூடினாலே போதும் என்பாரும் உண்டு. நோய்க் காலத்தில் மூடத்தான் வேண்டும். ஆண்டு முழுக்க மூடினால் வியாபாரம் சாலையோரத்துக்குப் போகும். பிரிட்டனைப்போல வெட்டிப் புதைக்கலாம் என்பது இங்கே பேச்சுக்குக்கூட உதவாது. 2001-ல் அங்கே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் போயின.

ஊசி போட்டால் இரண்டு நாள் பால் குறையும் என்று மாட்டை ஒளித்துவைக்காதீர்கள். கன்றுக்கு நான்காம் மாதம் முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து மறு ஊசி. போட வருபவரிடம் குப்பியை வாங்கித் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இல்லையென்றால், வேறு குப்பி கேளுங்கள்.