எடை ஏறினால் நோய் தீர்ந்ததா?

1944 நவம்பர். இரண்டாம் உலகப் போர் முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. ஐரோப்பாவில் லட்சக்கணக்கானோர் பட்டினியில் கிடந்தார்கள். எலும்பும் தோலுமாகிவிட்ட அவர்களுக்கு எந்த அளவில், எந்த வேகத்தில் சாப்பாடு கொடுத்தால் தேறுவார்கள்? இதைக் கண்டறிய அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஓர் ஆய்வைத் தொடங்கினார். மினியாபொலிஸ் நகரில், பல்கலைக்கழக ஸ்டேடியத்துக்கு அடியில் இருந்த அறைகளில் 36 இளைஞர்கள் தங்கினார்கள். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராது என்று போருக்குப் போக மறுத்தவர்கள் அவர்கள். பட்டினி கிடப்பவர்களுக்கு உதவுமென்றால் நாங்களும் பசித்திருக்கிறோம் என்று முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருக்கின்றனவா என்று சோதித்துப் பார்த்த பிறகே அவர்களைச் சேர்த்துக்கொண்டார்கள்.

24 வாரங்கள் அரைவயிற்றுச் சாப்பாடு. உடல் எடையில் ஏறக்குறைய கால்வாசி கரைந்தது. அதைவிட வியப்பூட்டியது மனத்துக்கு நேர்ந்ததுதான். எந்நேரமும் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பத்து நிமிடத்தில் முடிய வேண்டிய ஒரு வேளைச் சாப்பாட்டைப் பிசைந்தும் அளைந்தும் மணிக்கணக்கில் நீட்டினார்கள். சிரித்துப் பேசியவர்கள் எரிந்து விழுந்தார்கள். பிறகு பேசுவதையே நிறுத்திக்கொண்டு ஒதுங்கினார்கள். மறுபடி நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் இதெல்லாம் உடனே மறைந்துவிடவில்லை. உடம்பு தேறத் தொடங்கிய பிறகும் மனம் பின்தங்கியே இருந்தது. கீஸும் அவருடைய சகாக்களும் 1950இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நூலில் இவை அனைத்தும் வாரவாரியாகப் பதிவாகியிருக்கின்றன. பிள்ளை சாப்பிட மறுக்கிறதே, ஏன் இப்படி மாறிப்போனது என்று கலங்கி வரும் பெற்றோரிடம் மனநல மருத்துவர்கள் இன்றும் இந்த ஆய்வை எடுத்துச் சொல்கிறார்கள்.

அந்த ஸ்டேடியத்திலிருந்து தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் சாஸ்கா என்ற சிறிய ஊர் இருக்கிறது. அன்னா வெஸ்டின் அந்த ஊர்ப் பெண். பதினாறாவது வயதில் அவருக்கு, சாப்பாட்டையே மறுக்கவைக்கும் அனோரெக்சியா என்ற உண்ணுதல் கோளாறு இருப்பது தெரியவந்தது. சிகிச்சையில் தேறினார். சில ஆண்டுகள் கழித்து நோய் முன்பைவிடக் கடுமையாகத் திரும்பி வந்தது. மருத்துவமனையில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள் மருத்துவர்கள். காப்பீட்டு நிறுவனம் 'மருத்துவத் தேவை இல்லை' என்று கைவிரித்தது. பணம் எப்படியும் கட்டிவிடுகிறோம், சிகிச்சையை நிறுத்தாதீர்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். ஆனால் தன்னால் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய சுமை என்ற எண்ணம் அந்தப் பெண்ணை உள்ளுக்குள் அரித்தது. 2000 பிப்ரவரி 17 அன்று அன்னா தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 21.

'மருத்துவத் தேவை' என்ற இந்த இரண்டு சொற்களைச் சுற்றித்தான் அதன்பின் கால் நூற்றாண்டாக அமெரிக்காவில் ஒரு போராட்டம் நடக்கிறது. தேவை இருக்கிறதா, இல்லையா என்பதைக் கட்டில் பக்கத்தில் நிற்கும் மருத்துவர் முடிவு செய்வதா, எங்கோ ஓர் அலுவலகத்தில் கோப்பைப் புரட்டுகிறவர் முடிவு செய்வதா?

அன்னாவுக்கு வந்த அனோரெக்சியாவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஒல்லியாக வேண்டும் என்ற ஆசை முற்றிப்போய் வந்த வினை, நாலு வார்த்தை திட்டினால் சரியாகிவிடும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது அப்படியல்ல. 2019இல் ஏறக்குறைய 17,000 அனோரெக்சியா நோயாளிகளின் மரபணுக்களை ஆராய்ந்த ஒரு பன்னாட்டுக் குழு, நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை அடையாளம் கண்டது. அவற்றின் தொடர்பு மனநோய்களோடு நிற்கவில்லை, உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் இருந்தது. அதே வயதுள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டால் அனோரெக்சியா உள்ளவர்களின் இறப்பு விகிதம் ஏறக்குறைய ஆறு மடங்கு என்று 2011இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. அந்த இறப்புகளில் ஐந்தில் ஒன்று தற்கொலை. மற்றவை பெரும்பாலும் ஊட்டமின்மையால் இதயமும் மற்ற உறுப்புகளும் தளர்ந்துபோவதால் நேர்பவை. 1983இல் பாடகி கேரன் கார்பென்டர் 32 வயதில் இதயம் செயலிழந்து இறந்தபோதுதான் அமெரிக்க வீடுகளில் பலர் இந்த நோயின் பெயரையே கேள்விப்பட்டார்கள்.

அனோரெக்சியா மட்டுமல்ல. அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வெளியேற்றும் புலிமியா உண்டு; கட்டுப்பாடு இழந்து உண்ணும் மிகையுண்ணல் கோளாறு உண்டு. இவர்களில் பலரைப் பார்த்தால் நோயாளி என்றே தெரியாது. எடை சராசரியாக இருக்கும், கூடுதலாகவும் இருக்கும். ஆண்களும் இருக்கிறார்கள், நடுவயதுக்காரர்களும் இருக்கிறார்கள். ஹார்வர்டு பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் டெலாய்ட் நிறுவனமும் சேர்ந்து 2020இல் வெளியிட்ட அறிக்கை, அமெரிக்கர்களில் 2 கோடியே 88 லட்சம் பேருக்கு வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் உண்ணுதல் கோளாறு இருக்கும் என்று மதிப்பிட்டது. ஆண்டுக்கு 10,200 மரணங்கள். ஏறக்குறைய 52 நிமிடத்துக்கு ஒன்று.

சிகிச்சையோ நீண்டது, செலவும் அதிகம். உயிர் ஊசலாடும்போது மருத்துவமனை. அபாயம் கடந்ததும் உறைவிடச் சிகிச்சை மையத்தில் சில வாரங்கள், சில மாதங்கள். அங்கே ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டின்போதும் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அதன்பிறகு பகல்நேரச் சிகிச்சை, கடைசியில் வாரம் ஒருமுறை ஆலோசனை. காப்பீட்டு நிறுவனங்கள் திரும்பத் திரும்பக் கைவிட்டது இந்த நடுப்படியில்தான். எடை ஓர் அளவைத் தொட்டதும், இரத்தப் பரிசோதனை சீரானதும், இனி பணம் தர முடியாது என்ற கடிதம் வரும். எடை கூடக் கூட உள்ளே பயமும் கூடும் நோய் இது. நோயாளிக்குத் துணை மிக அவசியமாக இருக்கும் அந்த நேரத்திலேயே துணை விலக்கப்படுகிறது. உடம்புக்குப் பின்னால்தான் மனம் தேறும் என்று மின்னசோட்டாவின் 36 இளைஞர்கள் தங்கள் உடலை வருத்திக் காட்டி அரை நூற்றாண்டு ஆகியும், அதே மாநிலத்துப் பெண்ணுக்கு அந்தப் பாடம் பயன்படவில்லை.

அன்னா இறந்த அதே ஆண்டில் மின்னசோட்டாவின் அரசுத் தலைமை வழக்கறிஞர் மைக் ஹாட்ச், மாநிலத்தின் பெரிய காப்பீட்டு நிறுவனம் ஒன்றின்மீது, மனநலச் சிகிச்சைகளை மறுத்ததற்காக வழக்குத் தொடுத்தார். 2001இல் சமரசம் ஏற்பட்டது. நிறுவனம் மறுக்கும் மனநலக் கோரிக்கைகளை இனிச் சுதந்திரமான ஒரு குழு மறுபரிசீலனை செய்யும் என்பது அதன் முக்கிய ஷரத்து. அன்னாவின் தாய் கிட்டி வெஸ்டின் அத்தோடு ஓயவில்லை. மகள் பெயரில் அறக்கட்டளை அமைத்தார். சாஸ்காவிலேயே மகள் பெயரில் ஓர் உறைவிடச் சிகிச்சை இல்லம் திறக்கப்பட்டது. பிறகு வாஷிங்டனுக்குப் பயணம் தொடங்கியது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரும் நோயிலிருந்து மீண்டவர்களும் நாடாளுமன்ற அலுவலகங்களின் கதவைத் தட்டி, உறுப்பினர்களிடம் தங்கள் கதையைச் சொன்னார்கள். ஒரு முறையல்ல, ஆண்டுதோறும்.

சட்டம் அங்கே ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1996இலேயே மனநலச் சமத்துவச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. அதைக் கொண்டுவந்த இரண்டு செனட்டர்களில் ஒருவர் மின்னசோட்டாவின் பால் வெல்ஸ்டோன். இன்னொருவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த நியூ மெக்சிகோவின் பீட் டொமெனிச்சி. அரசியலில் இருவரும் எதிரெதிர் துருவங்கள். ஆனால் வெல்ஸ்டோனின் அண்ணனுக்கு மனநோய் இருந்தது. டொமெனிச்சியின் மகளுக்கு ஸ்கிசோஃப்ரீனியா. வீட்டில் பட்ட வலி இருவரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தது. அந்தச் சட்டம் ஆண்டு வரம்பு, ஆயுள் வரம்பு என்ற பண வரம்புகளை மட்டுமே சமமாக்கியது. நிறுவனங்கள் வேறு வழி கண்டன: இத்தனை நாள்தான் மருத்துவமனை, இத்தனை முறைதான் ஆலோசனை என்று எண்ணிக்கை வரம்பு போட்டன. அதை அடைக்கப் போராடிக்கொண்டிருந்த வெல்ஸ்டோன் 2002 அக்டோபரில் மனைவி, மகளோடு விமான விபத்தில் இறந்தார்.

அவருடைய மகன் டேவிட் அந்தப் பணியைத் தொடர்ந்தார். 2008இல் வாய்ப்பு எதிர்பாராத வடிவில் வந்தது. வங்கிகள் சரிந்துகொண்டிருந்தன, 70,000 கோடி டாலர் மீட்புத் திட்டத்தை அவசரமாக நிறைவேற்றியாக வேண்டும். அதற்கு ஏற்கெனவே அவையில் இருந்த மனநலச் சமத்துவ மசோதாவையே செனட் வாகனமாக்கிக்கொண்டது. 2008 அக்டோபர் 3 அன்று ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்டபோது, வங்கிகளோடு சேர்ந்து மனநோயாளிகளும் பயன்பெற்றார்கள். சட்டத்துக்கு வெல்ஸ்டோன், டொமெனிச்சி இருவரின் பெயரும் சூட்டப்பட்டது. உடல் நோய்க்கு இல்லாத கட்டுப்பாட்டை மனநோய்க்கு விதிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. பக்கவாதம் வந்தவர் மருத்துவமனையிலிருந்து மறுவாழ்வு மையத்துக்குப் போனால் அந்தச் செலவு ஏற்கப்படும். உண்ணுதல் கோளாறு உள்ளவர் உறைவிட மையத்துக்குப் போனால்? சட்டத்தில் அதைப் பற்றி வெளிப்படையான சொல் இல்லை. அந்த ஒரு விளக்கத்தைச் சேர்க்க மேலும் எட்டு ஆண்டுகள் பிடித்தன. அன்னா வெஸ்டின் பெயரில் அறிமுகமான மசோதாவின் பிரிவுகள், 2016 டிசம்பர் 13 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மருத்துவச் சட்டத் தொகுப்பில் இடம்பெற்றன. உண்ணுதல் கோளாறுக்குக் காப்பீடு தரும் திட்டம், உறைவிடச் சிகிச்சையிலும் சமத்துவத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று அது தெளிவாக்கியது. மகள் இறந்து பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு அவள் பெயர் தாங்கிய முயற்சி சட்டப் புத்தகத்தில் ஏறியது.

நீதிமன்றக் கதை இன்னும் கசப்பானது. நாட்டின் மிகப் பெரிய மனநலக் காப்பீட்டு நிர்வாக நிறுவனம் ஒன்றின்மீது நோயாளிகள் தொடுத்த கூட்டு வழக்கில், மனுதாரர்களில் ஒருவர் உண்ணுதல் கோளாறு உள்ள பெண். 2019இல் கலிஃபோர்னியா கூட்டாட்சி நீதிபதி ஜோசஃப் ஸ்பெரோ, அந்த நிறுவனத்தின் உள்விதிகள் நெருக்கடியை மட்டும் தணித்துவிட்டு, அடியில் இருக்கும் நோயைக் கவனிக்காமல் விடுகின்றன என்று தீர்ப்பளித்தார். எடை ஏறியதும் கைகழுவும் வழக்கத்தைப் பற்றி இதைவிடத் துல்லியமாகச் சொல்ல முடியாது. ஆனால் 2022இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தலைகீழாக்கியது. பிறகு திருத்திய தீர்ப்புகளிலும் நோயாளிகளுக்குச் சிறு பகுதியே மிஞ்சியது. இதற்கிடையில் கலிஃபோர்னியா மாநிலமே 2020இல் ஒரு சட்டம் இயற்றி, மருத்துவத் தேவையை நிறுவனத்தின் உள்விதிப்படி அல்ல, மருத்துவ உலகம் ஏற்ற நெறிகளின்படியே தீர்மானிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. கூட்டாட்சி அரசு 2024இல் கொண்டுவந்த கடுமையான புதிய விதிகளைச் செயல்படுத்தப் போவதில்லை என்று 2025 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2008 சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது.

இது நமக்குத் தொலைதூரக் கதை அல்ல. 2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தைச் சேர்ந்த 18 வயது மாணவி ஒருவர் அனோரெக்சியாவால் இறந்த செய்தி நாடு முழுக்க வெளிவந்தது. சட்டம் என்று பார்த்தால் இந்தியா ஒரே வரியில் அழுத்தமாகச் சொல்லிவிட்டது: 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல் நோய்க்கு எந்த அடிப்படையோ அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. 2018 மே மாதம் அது நடைமுறைக்கு வந்தது. ஆனாலும் ஸ்கிசோஅஃபெக்டிவ் என்ற மனநோய் உள்ள ஒரு பெண்ணுக்குப் பணம் தர மறுத்த வழக்கில், 2021இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவை நினைவூட்ட வேண்டியிருந்தது. நடைமுறையில் பெரும்பாலான பாலிசிகள் மருத்துவமனையில் படுத்தால்தான் பணம் தருகின்றன. உண்ணுதல் கோளாறுக்கு மாதக்கணக்கில் தேவைப்படும் ஆலோசனையும் உணவியல் நிபுணரின் உதவியும் அதற்கு வெளியே நின்றுவிடுகின்றன. சாப்பாட்டைக் கண்டால் பிள்ளை பயப்படுகிறது என்று தோன்றினால், பணக் கணக்குக்கு முன்பே 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

க்ளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் முறையிட வேண்டும். காரணத்தையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, ஓர் ஆண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதன் அலுவலகம் சென்னையிலும் இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. சிகிச்சை தந்த மருத்துவரின் கடிதத்தில் எடையைப் பற்றி மட்டுமல்லாமல், நோயாளியின் மனநிலை பற்றியும், சிகிச்சையை இடையில் நிறுத்தினால் என்ன ஆகும் என்பது பற்றியும் விவரமாக எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.