கோஸ்டாரிகா வீசா: பணத்தைக் கட்டும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

விமான டிக்கட் தொழிலில் நீண்ட காலமாக இருப்பவன் என்பதால் "இந்த நாட்டுக்கு வீசா எப்படி?" என்ற கேள்வி எனக்குப் புதிதல்ல. ஆனால் கேட்கப்படும் நாடுகள் மாறிவிட்டன. முன்பு கத்தார், சவூதி, மலேசியா என்று கேட்டவர்கள் இப்போது கோஸ்டாரிகா, பனாமா, நிக்கரகுவா என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப்பேருக்கு அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. யாரோ ஒரு முகவர் சொல்லியிருப்பார், வட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் வந்திருக்கும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

கோஸ்டாரிகா மோசமான நாடல்ல. நிலப்பரப்பில் இலங்கையை விடச் சிறியது. 1948இல் இராணுவத்தையே கலைத்துவிட்ட நாடு. நிலத்தில் ஏறத்தாழ கால்வாசி பாதுகாக்கப்பட்ட வனம். ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தீர்மானத்தால் 1980இல் உருவான சமாதானத்துக்கான பல்கலைக்கழகம் அங்கேதான், தலைநகர் சன் ஹோசேக்கு அருகில் இருக்கிறது. சுற்றிப் பார்க்கவோ படிக்கவோ மாநாட்டுக்கோ போவதற்கு உண்மையான காரணங்கள் நிறைய உண்டு.

ஆனால் இலங்கைக் கடவுச்சீட்டோடு போவது இலேசான காரியமல்ல. கோஸ்டாரிகா உலக நாடுகளை நான்கு குழுக்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. முதலாம் குழுவினருக்கு வீசாவே தேவையில்லை, 180 நாட்கள் வரை தங்கலாம். பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா எல்லாம் அதில் அடங்கும். இரண்டாம் குழுவுக்கும் வீசா இல்லை, தங்கும் காலம் குறைவு. மூன்றாம் குழு தூதரகத்தில் வீசா எடுக்க வேண்டும். நான்காவது, கட்டுப்படுத்தப்பட்ட வீசாவுக்குரிய குழு. இலங்கை இருப்பது அதில்தான். ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ், ஈராக், சிரியா, சோமாலியா போன்ற நாடுகளுடன். நமக்கு அது கௌரவமாகத் தெரியாவிட்டாலும் நிலைமை அதுதான்.

இதன் நடைமுறை அர்த்தம் பலருக்கு விளங்குவதில்லை. நான்காம் குழுவினருக்குத் தூதரக அதிகாரி தன் விருப்பப்படி வீசா ஒட்டித் தர முடியாது. விண்ணப்பம் சன் ஹோசேயிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குப் போய், கட்டுப்படுத்தப்பட்ட வீசாக்களுக்கென்றே இருக்கும் ஆணைக்குழுவின் முன் வைக்கப்பட வேண்டும். அங்கே அனுமதி கிடைத்த பிறகுதான் தூதரகம் வீசாவை ஒட்டும். ஆகவே "தூதரகத்தில் நமக்கு ஆள் இருக்கிறார், பத்து நாளில் முடித்துத் தருகிறேன்" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார், அல்லது அவருக்கே விஷயம் தெரியாது. இரண்டில் எதுவானாலும் கடவுச்சீட்டை அவர் கையில் கொடுக்க வேண்டாம்.

தூதரகம் எங்கே என்பதும் ஒரு பிரச்சினைதான். கொழும்பில் மத்திய அமெரிக்க நாடு எதற்கும் தூதரகம் கிடையாது. கோஸ்டாரிகாவுக்கு நாம் பார்க்க வேண்டியது புதுடில்லியை. அதற்கு இந்திய வீசா, டிக்கட், தங்குமிடம் என்று செலவு தனியாக வரும்.

ஆவணங்களில் அதிகம் சிக்கல் தருவது பொலிஸ் கிளியரன்ஸ். வளைகுடாவில் வேலை செய்துவிட்டு அண்மையில் திரும்பியவராக இருந்தால் அந்த நாட்டுச் சான்றிதழும் தேவைப்படலாம் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தது உறுதிப்படுத்தல். பல நாட்டவர்கள் ஒரே ஒரு 'அப்போஸ்டில்' முத்திரையோடு இந்த வேலையை முடித்துவிடுகிறார்கள். இலங்கை அந்த ஒப்பந்தத்தில் சேராததால், நமது ஆவணம் முதலில் பத்தரமுல்லையிலுள்ள வெளிநாட்டலுவல்கள் அமைச்சின் கொன்சியூலர் பிரிவில் உறுதிப்படுத்தப்பட்டு, பிறகு அவர்களது தூதரகத்தாலும் உறுதிப்படுத்தப்பட வேண்டும். அதன்மேல் ஸ்பானிய மொழிபெயர்ப்பு வேறு. தமிழில் பிறப்புச் சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதை முதலில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் மூலம் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்வது நல்லது. பெயர் கடவுச்சீட்டில் ஒரு மாதிரியும் சான்றிதழில் இன்னொரு மாதிரியும் இருக்கும் நம்மவர்களுக்கு (மொஹமட், முஹம்மத், எம். என்று ஒரே ஆளுக்கு மூன்று எழுத்துக்கூட்டல்!) இங்கேதான் தலைவலி ஆரம்பிக்கும். அதை இங்கேயே சரிசெய்துவிட்டு விண்ணப்பியுங்கள்.

திரும்பி வருவதற்கான டிக்கட்டும், தங்குமிட விபரமும், மாதத்துக்கு 100 டொலர் வீதமாவது செலவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரமும் கேட்பார்கள். இந்தத் தொகை அவ்வளவு பெரிதல்ல. பக்கத்து நாடான பனாமா 500 டொலரைக் காட்டச் சொல்கிறது.

சில குடும்பங்களில் ஒரு வினோதம் நடக்கும். மகன் கனேடியப் பிரஜை, தாய் இலங்கைப் பிரஜை. இருவரும் ஒரே சுற்றுலாவுக்குப் போகத் திட்டமிடுகிறார்கள். மகன் வீசா இல்லாமல் நேரே இறங்கிவிடுவார். தாய் ஆணைக்குழுவின் பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். பார்க்கப்படுவது கையிலுள்ள கடவுச்சீட்டு மட்டுமே. மகனின் பிரஜாவுரிமை தாய்க்கு உதவாது.

இனி, வீசா கிடைத்தவர்களும் கட்டுநாயக்கவில் மாட்டிக்கொள்ளும் இடத்துக்கு வருகிறேன். இலங்கையிலிருந்து மத்திய அமெரிக்காவுக்கு நேரடி விமானம் இல்லை. இரண்டு அல்லது மூன்று இடங்களில் மாற வேண்டும். இடையில் வரும் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் தனிச் சட்டம்.

அமெரிக்காவின் மியாமி, ஹூஸ்டன் வழியாகப் போகும் டிக்கட்தான் பெரும்பாலும் வசதியானது. ஆனால் அமெரிக்காவில் விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறிச் செல்லும் வசதி கிடையாது. இரண்டு மணி நேரம் நிற்பதற்கும் குடிவரவைக் கடந்தாக வேண்டும். அதற்கு அமெரிக்க இடைத்தங்கல் வீசா அல்லது சுற்றுலா வீசா கையில் இருக்க வேண்டும். கனடாவும் பிரித்தானியாவும் நம்மிடம் இடைத்தங்கல் வீசா கேட்கின்றன.

"அப்படியானால் அம்ஸ்டர்டாம் வழியாகப் போகிறேன், வெளியே வரப்போவதில்லையே" என்பார்கள். இங்கேதான் பலர் விழுகிறார்கள். விமான நிலையத்தின் உள்ளே உட்கார்ந்திருப்பதற்கே வீசா கேட்கப்படும் 12 நாடுகளின் பொதுப் பட்டியல் ஒன்றை ஐரோப்பிய ஒன்றியம் வைத்திருக்கிறது. இலங்கை அதில் உண்டு. அம்ஸ்டர்டாம், பாரிஸ், மட்ரிட், பிராங்போர்ட் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். செல்லுபடியாகும் ஷெங்கன், அமெரிக்க, கனேடிய அல்லது ஜப்பானிய வீசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. கத்தார், துபாய் வதிவிட அனுமதிக்கு அந்த விலக்கு இல்லை. டோஹாவில் பத்து வருடம் இருந்தவர்கள் கூட இதை நம்ப மறுக்கிறார்கள்.

இஸ்தான்புல்லிலிருந்து பொகோட்டா, பனாமா சிட்டி பக்கம் போகும் டர்கிஷ் விமானங்கள் இந்த ஐரோப்பிய, அமெரிக்கச் சிக்கலைத் தவிர்க்க ஒரு வழி. அதிலும் இறங்கி மாறும் ஒவ்வொரு இடத்தின் விதியையும் டிக்கட் போடும் முன் விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். செக்-இன் கவுண்டரில் இருப்பவர் 'டைமாட்டிக்' என்ற தரவுத்தளத்தைப் பார்த்துத்தான் போர்டிங் பாஸ் தருவார். ஆவணம் போதாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனத்துக்கு அபராதம் என்பதால், அவரிடம் கெஞ்சிப் பயனில்லை.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையும் ஞாபகத்தில் இருக்கட்டும். கொலம்பியா, பிரேசில் போன்ற நாடுகளிலிருந்து வருபவர்களிடம் கோஸ்டாரிகா அதைக் கேட்கிறது. அந்த நாடுகளிலிருந்து திரும்பி வரும்போது இலங்கையும் கேட்கும். பயணத்துக்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் ஏற்றியிருக்க வேண்டும். பொரளையிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் ஏற்றுகிறார்கள். ஒருமுறை ஏற்றினால் அட்டை ஆயுள் முழுவதும் செல்லும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சோறும் கறுப்பு அவரையும் சேர்ந்த 'கயோ பின்டோ'தான் அவர்களது காலை உணவு. பார்க்க நமக்குப் பிரச்சினையில்லாத சாப்பாடு போலத்தான் இருக்கும். ஆனால் 'மன்தேகா' போட்டுச் சமைத்தார்களா என்று கேளுங்கள். அந்தச் சொல் பன்றிக் கொழுப்பையும் குறிக்கும்.

இவ்வளவும் உண்மையாகவே போய்த் திரும்ப நினைப்பவர்களுக்கு. என்னிடம் கேட்பவர்களில் சிலர் மனதில் இருப்பது வேறு என்பதை நான் அறியாதவனல்ல. அங்கே இறங்கி, தரைவழியாக மெக்சிகோ, அங்கிருந்து அமெரிக்கா. முகவர்கள் இதைத்தான் 'பெக்கேஜ்' என்று விற்கிறார்கள்.

2023 டிசம்பரில் புஜைராவிலிருந்து நிக்கரகுவாவின் மனாகுவா நோக்கி 303 இந்தியர்களுடன் புறப்பட்ட வாடகை விமானம் ஒன்று, எரிபொருள் நிரப்ப பிரான்சின் வத்ரி விமான நிலையத்தில் இறங்கியபோது ஆட்கடத்தல் சந்தேகத்தில் தடுத்து வைக்கப்பட்டது. நான்கு நாட்களின் பின் 276 பேர் மும்பைக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். பணம் கட்டியவர்களில் பெரும்பாலானோர் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

அமெரிக்கா வரை போய்ச் சேர்ந்தவர்களின் கதையும் இருக்கிறது. 2025 பெப்ரவரியில் அமெரிக்கா 299 பேரை அவர்களது சொந்த நாட்டுக்கு அல்லாமல் பனாமாவுக்கு அனுப்பியது. ஈரான், இந்தியா, நேபாளம், சீனா நாட்டவர்களோடு இலங்கையரும் அதில் இருந்ததாகச் செய்திகள் வந்தன. பனாமா சிட்டியில் ஒரு ஹோட்டலில் வெளியே விடாமல் வைத்திருந்தபோது சிலர் ஜன்னல் கண்ணாடியில் உதவி கேட்டு எழுதிக் காட்டினார்கள். நாடு திரும்ப மறுத்தவர்கள் டாரியன் காட்டுப் பக்கத்து முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். அதே மாதம் கோஸ்டாரிகாவும் இப்படி 200 பேரை ஏற்று, பனாமா எல்லைக்கு அருகிலுள்ள முகாமில் வைத்தது.

இன்னொரு பொய்யும் சந்தையில் உலாவுகிறது. "நிக்கரகுவா வீசா எடுத்தால் அந்தப் பக்கத்து நாடுகள் எல்லாவற்றுக்கும் போகலாம்" என்பது. குவாத்தமாலா, எல் சல்வடோர், ஹொண்டுராஸ், நிக்கரகுவா ஆகிய நான்கு நாடுகளுக்கிடையேதான் அப்படியொரு நடமாட்ட உடன்பாடு இருக்கிறது. கோஸ்டாரிகாவும் பனாமாவும் அதில் இல்லை. நிக்கரகுவா முத்திரையைக் காட்டி அந்த எல்லைகளைக் கடக்க முடியாது.

உங்களிடம் ஒரு முகவர் கோஸ்டாரிகா வீசா என்று பேசினால் இரண்டு கேள்விகள் போதும். சன் ஹோசே ஆணைக்குழுவின் அனுமதிக் கடிதம் எங்கே? எந்த விமான நிலையத்தில் மாறுகிறோம், அதற்குரிய இடைத்தங்கல் வீசா எங்கே? கடிதத்தைக் காட்டினால் அதன் பிரதியை நீங்களே புதுடில்லித் தூதரகத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பி உறுதி செய்துகொள்ளுங்கள். பதில் வரும்வரை ஒரு ரூபாவும் கொடுக்காதீர்கள், உம்மாவின் நகையை அடகு வைக்கவும் வேண்டாம்.