பனிக் காலையும் விமானப் பாட்டரியும்



விமானம் என்றவுடன் நூற்றுக்கணக்கான பயணிகளைச் சுமந்து செல்லும் பெரிய ஊர்தியே நம் மனக்கண்முன் தோன்றும். ஆனால், ஒருவரோ இருவரோ அமரத்தக்க சிறு விமானத்தைத் தம் வீட்டுக் கொட்டகையிலேயே கட்டி, அரசின் சோதனைக்கு உட்படுத்தி, தாமே ஓட்டிச் செல்லும் ஆர்வலர் அமெரிக்க நாட்டில் ஆயிரக்கணக்கில் உளர். அத்தகையோருக்காக 1953-ஆம் ஆண்டில் பால் போபெரெஸ்னி என்பவர் விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு சங்கத்தையும் தோற்றுவித்தார். அம்மாநிலத்திலும், அதனை அடுத்த மின்னசோட்டாவிலும் ஜனவரி இரவுகள் கொடியவை. பூஜ்யத்திற்குக் கீழே 20 டிகிரி செல்சியஸ் வரை குளிர் இறங்குவதுண்டு. அத்தகைய காலையில் எஞ்சினைத் துவக்குவதற்கு எந்தப் பாட்டரியைத் தேர்ந்தெடுப்பது? இதுவே இன்று நாம் ஆராயப் புகும் கேள்வி.

பாட்டரி ஓய்ந்துவிட்டால் விமானம் புறப்படாது. அவ்வளவுதானே என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறு ஓய்ந்த வேளையில் முன்னுள்ள விசிறியைக் கையால் சுழற்றி எஞ்சினைத் துவக்க முயன்று கையிழந்தவரும் உயிரிழந்தவரும் உண்டு. ஆகவே இது வெறும் வசதியைப் பற்றிய ஆராய்ச்சி அன்று.

குளிர் இரு முனைகளில் தாக்குகிறது. முதலாவது எஞ்சின். மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் புட்டியில் உறைந்து நிற்பதை நாம் அறிவோம். எஞ்சின் எண்ணெய் அதுபோல் எளிதில் உறைவதில்லை எனினும், கடுங்குளிரில் பாகுபோல் இறுகிவிடுகிறது. அந்தப் பாகினூடே பிஸ்டன்களை நகர்த்தத் துவக்கு மோட்டார் மிகுதியாக உழைக்க வேண்டும். நான்கு சிலிண்டர்களும் 150 குதிரைத் திறனும் கொண்ட விமான எஞ்சினைச் சுழற்ற 200 ஆம்பியரோ அதற்கு மேலோ மின்னோட்டம் தேவைப்படும். மோட்டார் காரின் முகப்பு விளக்கு ஒன்று ஏறத்தாழ 5 ஆம்பியரே கொள்ளும் என்பதோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பாட்டரி. பாட்டரியின் மின்சாரம் ஓர் இரசாயன மாற்றத்தின் விளைவு. குளிர் மிகமிக அம்மாற்றத்தின் வேகம் தளர்கிறது. கந்தக அமிலமும் ஈயத் தகடுகளும் கொண்ட பாட்டரி, பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரியில், கோடைநாளில் தரும் ஆற்றலில் பாதியைக்கூடத் தருவதில்லை. எனவே தேவை மிகும் வேளையிலேயே வரவு குறைகிறது.

ஓம் விதியைக் கற்பித்த நாள்களில், மின்தடை என்பது கம்பியில் மட்டுமே உள்ளது என்று கருதும் மாணவரைப் பலமுறை கண்டிருக்கிறேன். பாட்டரிக்குள்ளும் தடை உண்டு. அதனை அகத்தடை என்கிறோம். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு பாட்டரியின் அழுத்தம் 12.6 வோல்ட்டு, அகத்தடை 0.01 ஓம் எனக் கொள்வோம். 200 ஆம்பியர் பாயும்போது 2 வோல்ட்டு உள்ளேயே செலவாகிறது, மோட்டாருக்கு 10.6 வோல்ட்டு கிடைக்கிறது. குளிரால் அகத்தடை 0.025 ஓமாக உயருமாயின், 5 வோல்ட்டு உள்ளேயே மறைந்து, 7.6 வோல்ட்டுதான் வெளிவரும். மோட்டார் முனகி நின்றுவிடும். பாட்டரியில் மின்சாரம் தீர்ந்துவிடவில்லை. வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது.

ஆதலால் பாட்டரியின் மேல் அச்சிட்ட எண்களைப் பொருளறிந்து படித்தல் வேண்டும். ஆம்பியர்-மணி என்பது அதில் எவ்வளவு மின்சாரம் சேமிக்கலாம் என்பதைக் காட்டும். குளிர்த் துவக்க ஆம்பியர் என்பது வேறு. பூஜ்யத்திற்குக் கீழே 18 டிகிரியில், அழுத்தம் 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல், 30 விநாடி நேரம் தரக்கூடிய மின்னோட்டத்தின் அளவு அது. சாதாரண வெப்பநிலையில் சில விநாடிகளே அளந்த எண்ணை அச்சிடுவோரும் உளர். அந்த எண் பெரிதாகவே இருக்கும். ஆனால் பனிக் காலையில் அது துணை நில்லாது.

இனி வகைகளைக் காண்போம். 1859-இல் பிரான்சு நாட்டுக் காஸ்டன் பிளான்டே கண்ட ஈய-அமிலப் பாட்டரியின் வழிவந்ததே, கண்ணாடி இழைப் பாய்களில் அமிலத்தை ஊறவைத்து அடைத்த இக்கால வகை. அது கவிழ்ந்தாலும் சிந்தாது; குளிரிலும் மின்னேற்றம் பெறும். 16 ஆம்பியர்-மணி கொண்டது ஏறத்தாழ 7 கிலோ எடை இருக்கும். மற்றது லிதியம் இரும்பு பாஸ்பேட் வகை. துவக்கும் வேலைக்கு அதற்கு ஈடாக விற்கப்படுவது இரண்டரைக் கிலோ அளவே உள்ளது. ஒவ்வொரு கிலோவையும் எண்ணிக் கட்டும் சிறு விமானத்தில் இந்த மிச்சம் அற்பமானதன்று.

ஆயினும் லிதியத்திற்கும் குளிர் பகையே. முதல் முயற்சியில் அது சோர்வுற்றிருக்கும். விளக்கு முதலிய சிறு சுமையைச் சற்று நேரம் கொடுத்தால், உள்ளே பாயும் மின்னோட்டமே அதனைச் சூடாக்கி, அடுத்த முயற்சியில் வலுப்பெறச் செய்யும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்னேற்றுவது தீங்கு. லிதியம் உலோகமாகவே படிந்து பாட்டரியைக் கெடுக்கும். அளவு மீறிய மின்னேற்றத்தைத் தடுக்கும் காப்புச் சுற்றும் இன்றியமையாதது. 2013 ஜனவரியில் போயிங் 787 விமானங்களின் லிதியம் பாட்டரிகள் எரிந்து, அவ்வகை விமானங்கள் யாவும் தரையில் நிறுத்தப்பட்டன. அவற்றில் இருந்தது கோபால்ட்டு சேர்ந்த வேறு இரசாயனம். எனினும் காவல் வேண்டும் என்ற பாடம் பொதுவானது.

மற்றொன்றையும் எண்ண வேண்டும். பழைய முறை எஞ்சின்களில் மேக்னெட்டோ என்னும் கருவி, பாட்டரியின் உதவியின்றியே பொறியை உண்டாக்கும். மின்னணு முறையில் பொறி உண்டாக்கும் எஞ்சின்கள் பலவோ பாட்டரியை நம்பி இயங்குகின்றன. வானில் மின்னாக்கி பழுதானால், எஞ்சினுக்கும் கருவிகளுக்கும் சேர்ந்து 8 ஆம்பியர் வேண்டும் எனக் கொள்வோம். 16 ஆம்பியர்-மணிப் பாட்டரி கணக்கின்படி இரண்டு மணி நேரம் தாங்கும். 8 ஆம்பியர்-மணியுடையது ஒரு மணி நேரமே தாங்கும். நடைமுறையில் இதனினும் குறையும். துவக்கும் வலிமையில் இரண்டும் சமமாக இருப்பினும், தரையிறங்கக் கிடைக்கும் அவகாசம் சமமாகாது. ஆகவே, இத்தகைய எஞ்சினை உடையவர் எடையைக் கண்டு மயங்காமல், உண்மையான ஆம்பியர்-மணியை முதலில் கேட்க வேண்டும்.

இறுதியாக, பெரிய பாட்டரி எல்லாக் குறையையும் தீர்க்காது. லைக்கமிங் நிறுவனம் தன் எஞ்சின்களுள் பெரும்பாலானவை பூஜ்யத்திற்குக் கீழே 12 டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிட்டால், முன்னரே சூடேற்றிய பின்புதான் துவக்க வேண்டும் என விதித்துள்ளது. வலிய பாட்டரியால் வற்புறுத்திச் சுழற்றினால், இறுகிய எண்ணெய் பாகங்களைச் சென்றடையுமுன் அவை உராய்ந்து தேய்ந்துவிடும். எஞ்சினைச் சூடேற்றுக, பாட்டரியை இரவில் கழற்றி வீட்டினுள் வைத்திடுக. முழு மின்னேற்றம் பெற்ற ஈயப் பாட்டரி எளிதில் உறையாது. மின்சாரம் தீர்ந்ததோ பூஜ்யத்திற்குக் கீழே 10 டிகிரிக்குள்ளாகவே உறைந்து பிளக்கக் கூடும்.

‘எது சிறந்த பாட்டரி?’ என்ற கேள்விக்கு விடை இல்லை. ‘எந்த எஞ்சினுக்கு, எந்தக் குளிரில், எவ்வளவு நேரத்திற்கு?’ என்று கேட்டால் விடை தானே கிடைக்கும். எண்ணைக் காணும்போதெல்லாம், அது எந்த நிலையில் அளக்கப்பெற்றது என்று கேட்கும் வழக்கத்தை நீங்களும் இன்றே மேற்கொள்ளுங்கள். அவ்வழக்கம் விமானம் கட்டாதவர்க்கும் பயன் தரும்.